ஒலிபெருக்கியின் உண்மையை அறிவது எப்படி?

பிறந்த ஊரை விட்டு, உத்தியோகத்தின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குத் தமிழோசை இரண்டு வழிகளில்தான் பெரும்பாலும் காதுக்கு எட்டுகிறது. வீட்டிலுள்ளோர் தம்முள் பேசிக்கொள்ளும் பேச்சு ஒன்று, ஒலிபெருக்கி மற்றொன்று. 1938-ஆம் ஆண்டில் சென்னை வானொலி நிலையமும் 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தோன்றிய பின்னர், அயலூர்த் தமிழர் பலர் இரவு வேளைகளில் வானொலிப் பெட்டியின் முள்ளை மெல்லத் திருப்பித் திருப்பி அந்த நிலையங்களைத் தேடிப் பிடித்தனர். இன்று அந்தத் தேடல் வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆகாசவாணியின் தமிழ் நிகழ்ச்சிகள் பெங்களூரிலும் கேட்கும், கொல்கத்தாவிலும் கேட்கும். ஆயினும் அன்றும் இன்றும் மாறாத ஒன்று உண்டு. எங்கோ ஒருவர் உதிர்த்த சொல் நம் காதில் விழும்முன், கடைசியாக ஓர் ஒலிபெருக்கியின் வாயைக் கடந்தே வரவேண்டும். அந்த வாய் குழறினால் நாம் கேட்பதும் குழறலே ஆகும்.

ஒலிபெருக்கி வாங்கச் செல்பவர் அதனை எவ்வாறு சோதிக்கிறார்? கடைக்காரர் தாளக்கட்டு மிகுந்த ஒரு பாட்டை உரக்க ஒலிக்கச் செய்கிறார். மேசை அதிர்கிறது, நமக்கும் மனம் அதிர்கிறது, பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். இது, மிளகும் புளியும் தூக்கலாகப் போட்ட குழம்பை ஊற்றிக்கொண்டு அரிசியின் தரத்தை அறிய முயல்வது போன்றதாகும். பல இசைக்கருவிகளும் பல குரல்களும் ஒருசேர ஒலிக்கையில், ஓரிடத்துக் குறையை மற்றோரிடத்து நிறைவு மூடி மறைத்துவிடும். நாங்களும் இவ்வாறு ஏமாந்தவர்களே.

பெங்களூரில் எங்கள் வீட்டில் ஒரு ஜோடி ஒலிபெருக்கிப் பெட்டிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதாகி, பழுதுபார்க்கும் ஒருவரிடம் சென்று திரும்பி வந்தது. மீண்டும் பாடத் தொடங்கியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே எண்ணினோம். அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுச் சிறுமி படிக்கும் அறையில் வைத்தோம். வெளியே கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் குழந்தை. நாள்தோறும் அரைமணி நேரமாவது தமிழ்ச் செய்தியும் கதையும் கேட்கட்டும் என்பது எங்கள் ஆசை. சில திங்கள் சென்றபின், எழுதச் சொன்னால் ‘மழை’ என்பதை ‘மளை’ என்று எழுதினாள்; ‘வழி’ என்றால் ‘வளியா, வலியா’ என்று கேட்டாள். கவனம் இல்லை என்று அவளைக் கடிந்துகொண்டோம். குறை முழுவதும் அவளிடத்தே இல்லை என்பது பின்னரே தெரிந்தது.

அதனை எவ்வாறு அறிந்தோம் என்று சொல்லுமுன், இதே பெங்களூரில் முன்னர் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சிறிது நினைவுகூர்வது பொருந்தும். ஒலியைச் சோதிக்கும் முறையின் அடிப்படை அதில் அடங்கியிருக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. ராமனும் நம்மைப் போல் அயலூரில் உத்தியோகம் பார்த்தவரே. 1907-இல் அரசாங்கத்தின் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றவர், அலுவலக நேரம் போக மிஞ்சிய காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி நடத்தினார். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1930-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதை எல்லோரும் அறிவர். ஒலியைப் பற்றி, அதிலும் நம் நாட்டு வாத்தியங்களைப் பற்றி, அவர் ஆழ்ந்து ஆராய்ந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1934-இல் இந்திய அறிவியல் அகாடமியை நிறுவினார். அந்த அகாடமியின் வெளியீட்டிலேயே மிருதங்கம் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது.

சாதாரணமான ஒரு பறையைத் தட்டினால், அதன் தோல் எழுப்பும் பல அதிர்வுகளும் ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்தில் அமைவதில்லை. ஆகவே அதில் ஓசை உண்டு. சுருதி தெளிவாக இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, கல்பொடியையும் சோற்றையும் குழைத்துத் தடவிய கருவட்டம் நடுவில் இருக்கிறது. அதன் கனத்தினால் அதிர்வுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற இசைவான விகிதத்தில் அமைகின்றன. இதனை ராமன் எங்ஙனம் கண்டார்? தோலின்மேல் மென்மணலைத் தூவினார். ஓரிடத்தில் விரலை வைத்துத் தொட்டும், வேறோரிடத்தில் தட்டியும், ஓர் அதிர்வை மட்டும் தனியே எழுப்பினார். தோல் அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கி நின்று, அந்த அதிர்வின் உருவத்தைக் காட்டிற்று. இவ்வாறு ஒன்பது வகை அதிர்வுகள் சேர்ந்து ஐந்து சுரங்களைத் தருவதாக அவர் நிறுவினார். பின்னர் 1954-இல், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி. எஸ். ராமகிருஷ்ணாவும் எம். எம். சோந்தியும் இதனைக் கணித வழியிலும் விளக்கினர்.

இதில் நமக்குரிய பாடம் யாது? தனி ஆவர்த்தனத்தைக் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தால் தோலின் இயல்பு வெளிப்பட்டிராது. ஒன்றை மட்டும் தனியே பிரித்து, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டதனால்தான் விடை கிடைத்தது. ஒலிபெருக்கிக்கான சோதனை ஒலிகளும் இதே நோக்கத்துடன் அமைந்தவை. அவை செவிக்கு இனியவை அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்கும்.

கேள்வி கேட்குமுன் கேட்கப்படுவோனை அறிய வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வகுத்தனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு சிறு கம்பிச்சுருள்; அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாய, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. ஒரு விநாடியில் எத்தனை முறை அசைகிறதோ அதுவே அதிர்வெண். அதனை ஹெர்ட்ஸ் என்னும் அளவால் குறிக்கிறோம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலின் நடு ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. வயது ஏற ஏற மேல் எல்லை தாழ்ந்துகொண்டே வரும். இவ்வளவு பரந்த எல்லையை ஒரே கூம்பு ஆள்வது கடினம். ஆதலால் பல பெட்டிகளில் தாழ்ந்த ஒலிக்கு வூஃபர் என்னும் பெரிய கூம்பும், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்னும் சிறியதும் வைக்கிறார்கள். 2,000, 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒன்று மற்றொன்றிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

முதலாவது சோதனை, ஏறும் சுரம். ஒரே தூய சுரம் தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி, இடைவிடாமல் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். கேட்பவர் மூன்று குறைகளைத் தேட வேண்டும். ஏதேனும் ஓரிடத்தில் கிறீச்சென்றோ கடகடவென்றோ ஒட்டுச் சத்தம் எழுந்தால், கூம்பு உரசுகிறது. அல்லது பெட்டியில் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் சுரம் திடீரென ஓங்கினால் அங்கே மிகை. அமுங்கினால் அங்கே குறை. இதே சுரத்தை இறங்குமுகமாகவும் கேட்க வேண்டும். சுரம் இறங்க இறங்க நம் செவியும் இறங்கிக்கொண்டே வரவேண்டும். சிறிய பெட்டிகளில், 60 ஹெர்ட்ஸைத் தர இயலாத கூம்பு அதன் இருமடங்கான 120 ஹெர்ட்ஸை எழுப்பி நம்மை ஏமாற்றும். ‘ஆகா, எவ்வளவு கனமான ஒலி!’ என்று நாம் வியப்பது பல சமயங்களில் இந்தப் பொய்ச் சுரத்தையே.

இரண்டாவது சோதனை, இரைச்சல். இரைச்சலைக் கொண்டு இசைப்பெட்டியைச் சோதிப்பதா என்று வியக்க வேண்டாம். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் சமமான ஆற்றலைப் பங்கிட்டு அமைத்த இரைச்சலுக்குத் தொழில் வழக்கில் ‘பிங்க் நாய்ஸ்’ என்று பெயர். ஒகேனக்கல் அருவியைச் சற்றுத் தொலைவில் நின்று கேட்டாற்போல் அது சீராக ஒலிக்க வேண்டும். குடத்துக்குள் வாய் வைத்து ஊதினாற்போல் ஒலித்தால் நடுப்பகுதியில் மிகை உண்டு. எண்ணெயில் அப்பளம் பொரிவது போல் சீறினால் மேற்பகுதியில் மிகை உண்டு. இரண்டு பெட்டிகளை ஒப்பிட இதைவிட விரைவான வழி இல்லை. பாட்டில் அரைமணி நேரம் கேட்டும் புலப்படாத வேற்றுமை, இரைச்சலில் அரை நிமிஷத்தில் புலப்பட்டுவிடும்.

மூன்றாவது, இணைப்புச் சோதனை. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே இரைச்சலை அனுப்பி, இரண்டுக்கும் நடுவே அமர்ந்து கேட்க வேண்டும். ஒலி நேர் எதிரே, இரு பெட்டிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலிருந்து வருவதாகத் தோன்றினால் கம்பிகள் சரியாக உள்ளன. இடம் தெரியாமல் சிதறி, கனமும் குறைந்து ஒலித்தால், ஒரு பெட்டியின் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன. ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒன்றின் உழைப்பை மற்றொன்று அழிக்கிறது. இதைத் திருத்தக் காசு செலவில்லை. கம்பிகளை மாற்றி முடுக்கினால் போதும்.

இவற்றைச் செய்கையில் சில எச்சரிக்கைகள் தேவை. ஒலியைத் தாழ்வாக வைத்தே தொடங்க வேண்டும். உயர்ந்த அதிர்வெண்கள் நம் செவிக்குக் கேளாமலே ட்வீட்டரின் மெல்லிய சுருளை எரித்துவிடக்கூடும். சோதனை ஒலியைக் கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ கம்பி வழியே நேராகக் கொடுப்பது நன்று. வானொலியின் மத்திய அலையில் ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் வருவதில்லை. பண்பலையில் 15,000 வரை வரும். வராத ஒலியைத் தரவில்லை என்று ஒலிபெருக்கியின்மேல் குற்றம் சாட்டலாகாது.

அடுத்து, நம் செவியையும் நாம் முழுவதும் நம்புவதற்கில்லை. செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவாகக் கேட்பதில்லை என்பதை 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்னும் ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினர். தாழ்ந்த சுரங்கள் மெலிதாக ஒலிக்கும்போது செவி அவற்றை மேலும் மெலிதாகக் கேட்கும். எனவே ஏறும் சுரம் தொடக்கத்தில் மெலிந்து கேட்பது முழுவதும் பெட்டியின் குறை அன்று.

அறையும் நம்மை ஏமாற்றும். 12 அடி நீளமுள்ள அறையில், ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பித் தன்னோடு தானே கலக்கிறது. சுவரோரம் அது ஓங்கிக் கேட்கும். அறையின் நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். நடுவில் அமர்ந்து கேட்பவர், பெட்டிக்குக் கனமே இல்லை என்பார். சுவரில் சாய்ந்திருப்பவர், கனம் மிகுதி என்பார். இருவரும் சொல்வது அறையைப் பற்றியே. ஆகையால் ஒலிபெருக்கியின் குறையையும் அறையின் குறையையும் பிரித்தறிய ஒரு விதி உண்டு. ஒரே இடம், ஒரே இருக்கை, ஒரே அளவு ஒலி. பெட்டி மட்டும் மாற வேண்டும். இடத்தோடு நிற்கும் குறை அறையுடையது. பெட்டியோடு செல்லும் குறை பெட்டியுடையது.

எங்கள் வீட்டில் இந்த விதியைத்தான் கைக்கொண்டோம். சிறுமியின் அறைப் பெட்டியைக் கூடத்துக்குக் கொணர்ந்து, அதன் ஜோடியிருந்த இடத்திலேயே வைத்து, ஏறும் சுரத்தை ஒலிக்கச் செய்தோம். சுரம் 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும், யாரோ கதவைச் சாத்தினாற்போல் அமுங்கியது; 3,000-ஐக் கடந்தபின் மீண்டும் எழுந்தது. அதே இடத்தில் மற்றப் பெட்டியை வைத்துக் கேட்டோம். சுரம் அமுங்காமல் ஏறிற்று. பின்பலகையைக் கழற்றி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழுதுபார்த்த பெட்டியில் ட்வீட்டரின் இரு கம்பிகளும் இடம் மாறி இணைந்திருந்தன. வூஃபர் பொறுப்பை ஒப்படைக்கும் இடத்தில், ஒன்று தள்ள மற்றது இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. அந்த இடத்துக்கு மேலும் கீழும் குறை இல்லாததால், பாட்டு கேட்கையில் எவருக்கும் சந்தேகம் தோன்றவில்லை.

ஆனால் அந்த இடம் தமிழுக்கு இன்றியமையாத இடமாகும். உயிரொலிகளின் கனம் சில நூறு ஹெர்ட்ஸ் அளவில் தங்கியிருக்கிறது. ஒரு மெய்யை மற்றொரு மெய்யினின்று பிரித்துக் காட்டும் அடையாளங்களோ பெரும்பாலும் 1,000-க்கும் 4,000-க்கும் இடையில் உள்ளன. நாவை வளைத்து ஒலிக்கும் ழகரத்தில், குரலின் மூன்றாம் ஒலிச்செறிவு மிகத் தாழ்ந்து 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்கிவிடுகிறது. லகரத்தில் அது உயர்ந்தே நிற்கிறது. லகரத்தையும் ழகரத்தையும் பிரிக்கும் வேலி அங்கே நிற்கிறது என்று சொல்லலாம். அந்த வேலியைத்தான் எங்கள் பெட்டி பிடுங்கி எறிந்திருந்தது. ஊரில் வளரும் குழந்தைக்கு இதனால் கேடில்லை. தெருவிலும் கடையிலும் கோயிலிலும் நூறு வாய்கள் அச்சொல்லைச் சரியாகச் சொல்லிக் காட்டும். அயலூரில் வளரும் குழந்தைக்கு அந்த நூறு வாய்களின் இடத்தில் இருப்பது ஒரே ஒரு பெட்டி.

கம்பிகளை மாற்றி இணைத்தோம். மறுநாளே குழந்தையின் உச்சரிப்பு திருந்திவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. நாவின் பழக்கம் செவியின் பழக்கத்தைவிட மெதுவாக மாறுவது. எல்லாக் குறைக்கும் பெட்டியே காரணம் என்று சொல்லவும் நாங்கள் துணியமாட்டோம். ஆனால், ‘வழி’ என்ற சொல் ஒலித்தபோது அது வலி அன்று, வளி அன்று என்று அவள் கண்டுகொண்டாள். காதில் வேற்றுமை விழுந்தபின் நாவைத் திருத்துவது எளிதாயிற்று. கடிந்துகொண்டதற்காக அவளிடம் வருத்தமும் தெரிவித்துக்கொண்டோம்.

சோதனை ஒலிகள் குறையைக் காட்டும். அந்தக் குறை நமக்கு எவ்வளவு பெரிது என்பதை அவை சொல்லமாட்டா. அதற்கு நாம் நன்கறிந்த ஒலியைக் கொண்டே இறுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டெலிபோன் வளர்ந்த காலத்தில், 1920-களில், அமெரிக்கப் பொறியாளர்கள் தனித்தனி அசைகளை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு எழுதச் செய்து, எத்தனை சரியாக விழுந்தன என்று எண்ணிப் பார்த்தனர். நாமும் இதைச் செய்யலாம். பழகிய குரலுடைய ஒருவரை வலி, வளி, வழி, தலை, தளை, தழை, மனம், மணம், கரி, கறி என்னும் சொற்களை வரிசை மாற்றி வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பெட்டி வழியே அதனைக் கேட்டு எழுதிப் பார்த்தால், எழுத்து தவறும் இடத்தில் பெட்டியின் தவறும் தெரியும். தவறு அதன்மேல்தான் என்று உறுதிசெய்ய, அவரையே நேரில் வாசிக்கச் சொல்லியும் எழுதிப் பார்க்கலாம்.

இசைக்குத் தம்புராவைவிடச் சிறந்த உரைகல் இல்லை. குதிரையின் வளைந்த பரப்பும் தந்தியின் அடியில் செருகும் நூலும் சேர்ந்து, எண்ணற்ற மேற்சுரங்களை எழுப்புகின்றன. இயல்பாக எழக்கூடாத மேற்சுரங்களும் தம்புராவில் வலிமையாக எழுவதை ராமன் 1921-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியுள்ளார். நல்ல ஒலிபெருக்கியில் அந்த மேற்சுரங்கள் மெல்லிய ரீங்காரமாகச் சுழன்று வரும். குறையுள்ளதில் வெறும் தந்தி மட்டும் ஒலிக்கும். ஆகாசவாணியின் தொடக்க இசையிலும் தம்புராவின் நாதம் உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். அந்த இசை ஒலிக்கும்போதே பெட்டியின் முள்ளைத் திருப்பிச் சரிசெய்துகொண்ட பெரியவர்கள், தங்களை அறியாமலே ஒரு சோதனை ஒலியைப் பயன்படுத்தியவர்களே.

விலை மிகுந்த பெட்டியை வாங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வீட்டிலுள்ள பெட்டி எதுவாயினும், ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு அதனிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஊரைப் பிரிந்து வந்த நாம், நம் மக்களுக்குத் தமிழைச் சொல்லித்தரும் பொறுப்பில் ஒரு பகுதியை அதனிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஆசிரியரை அமர்த்துமுன் அவருடைய வாக்குச் சுத்தத்தை விசாரிப்பது நம்மவர் வழக்கம். அந்த விசாரணையை ஒலிபெருக்கிக்கும் செய்வது முறையேயாகும்.